புது டிரைவர் வாங்கும் முன்: விலையேறும் கோல்ஃப் மட்டைகளைக் கணக்குப் பார்த்து வாங்குவது எப்படி

புதிய மட்டையை முதல் முறை மைதானத்துக்குக் கொண்டுபோன அன்று, மட்டைப் பையைச் சுமந்து உடன்வரும் என் கேடி அதன் உறையைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: “எவ்வளவு சார்?” சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. என் முதல் பந்து வலப்பக்கம் வளைந்து வேலிகாத்தான் புதருக்குள் போய் விழுந்தது. “பழைய மட்டைக்கும் அந்தப் புதர்தான் பிடிக்கும்” என்றார்.

முள்ளுக்குள் கைவிட்டு அந்தப் பந்தைத் தேடியபோது மனத்துக்குள் போடத் தொடங்கிய கணக்குதான் இது. புதிதாக ஆடத் தொடங்குபவர்களுக்கும், இருக்கும் மட்டைகளை மாற்ற நினைப்பவர்களுக்கும் உதவும்.

சொற்களை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். கிளப் என்றால் சங்கம் என்றும் பொருள் வருவதால் இங்கே மட்டை என்றே எழுதுகிறேன். டிரைவர் என்பது தூரம் அடிக்கும் பெரிய தலை மட்டை. அயர்ன் என்பவை எண் போட்ட இரும்பு மட்டைகள். வெட்ஜ், கிட்டத்தில் இருந்து பந்தை உயரத் தூக்கிப் போடுவதற்கு. பட்டர், குழிக்குள் உருட்டுவதற்கு. வெண்ணெய்க்கும் கோயில் பட்டருக்கும் அதில் பங்கில்லை.

விலை உண்மையில் எவ்வளவு ஏறியிருக்கிறது?

1995-இல் காலவே நிறுவனம் டைட்டானியத் தலை கொண்ட ‘கிரேட் பிக் பெர்த்தா’ டிரைவரை 500 டாலருக்கு விற்றது. அந்தக் காலத்தில் அது திகைக்க வைத்த விலை. 2016-இல் டெய்லர்மேட் நிறுவனத்தின் எம்2 டிரைவர் 400 டாலர், அதன் அண்ணனான எம்1 500 டாலர். 2024-இல் அதே நிறுவனத்தின் கியூஐ10 டிரைவர் 600 டாலர். அதே ஆண்டு வந்த டைட்டிலிஸ்ட் ஜிடி2 டிரைவர் 650 டாலர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1995-இன் 500 டாலர், அமெரிக்கப் பணவீக்கத்தைச் சேர்த்தால் 2024-இல் 1,000 டாலருக்கும் மேல். அமெரிக்கருக்கு உச்ச ரக டிரைவரின் விலை அப்படியொன்றும் வானத்தைத் தொட்டுவிடவில்லை. பணவீக்கத்தைச் சேர்க்காமல் ரூபாயில் பார்த்தால் கதை வேறு. 1995-இல் டாலர் 32 ரூபாயை ஒட்டி இருந்தது. 500 டாலர் என்றால் 16,000 ரூபாய். 2024-இல் டாலர் 83 ரூபாய்க்கு மேல். 600 டாலர் ஏறக்குறைய 50,000 ரூபாய். அதன்மேல் சுங்கவரி, ஜிஎஸ்டி, கடைக்காரர் லாபம். நம் விலைச்சீட்டைக் கனக்க வைப்பதில் டைட்டானியத்தை விட ரூபாயின் சரிவுக்குப் பங்கு அதிகம்.

மற்ற காரணங்களும் இல்லாமல் இல்லை. கொரோனா காலத்தில் திறந்தவெளியில் தள்ளி நின்று ஆடக்கூடிய விளையாட்டு என்று உலகம் முழுதும் கூட்டம் கோல்ஃப் பக்கம் திரும்பியது. சரக்குத் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டதால் கடைகளில் தள்ளுபடிப் பலகைகள் மறைந்தன. மட்டைத்தலைகளில் பெரும்பகுதி சீனாவிலும் வியட்நாமிலும் வார்க்கப்படுவதால் கப்பல் கூலி ஏறினாலும் வரி ஏறினாலும் சுமை வாங்குபவர் தலையில்தான். இதோடு தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குத் தரும் விளம்பரப் பணம்.

இனி, விளம்பரத்தில் வராத செய்தி ஒன்று. டிரைவரின் முகம் பந்தை எவ்வளவு எகிறச் செய்யலாம் என்பதற்கு விதி இருக்கிறது. அமெரிக்க கோல்ஃப் சங்கமும் ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏ அமைப்பும் வைத்த விதி: மட்டைமுகம் சோதனைக் குண்டோடு ஒட்டியிருக்கும் நேரம் 239 மைக்ரோ விநாடி, சலுகை 18 சேர்த்து 257. தலையின் கொள்ளளவு 460 கன சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. இரண்டும் இருபதாண்டுப் பழைய விதிகள். பெரிய நிறுவனங்கள் அப்போதே இந்த வரம்பைத் தொட்டுவிட்டன. ஆண்டுக்கு 10 கெஜம் கூடுதல் தூரம் என்ற வாக்குறுதிகளை எல்லாம் கூட்டினால், நாம் இப்போது பக்கத்து மாவட்டத்துக்குப் பந்து அடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

முன்னேற்றமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நடுவில் படாத அடியைப் புதிய தலைகள் மேலும் மன்னிக்கின்றன. அதற்கும் 2006 முதல் வரம்பு உண்டு: அடிபடும்போது தலை திருகாமல் எதிர்க்கும் திறன் (நிலைமத் திருப்புத்திறன்), செங்குத்து அச்சில் 5,900 கிராம் சதுர சென்டிமீட்டர். அப்படியென்றால் “10,000” என்று பெரிய எழுத்தில் விளம்பரம் செய்கிறார்களே? இரண்டு அச்சுகளின் அளவைக் கூட்டிச் சொல்கிறார்கள். பொய் இல்லை; ஆனால் கூட்டல்.

படி 1: வாங்கும் முன் அளந்துகொள்ளுங்கள்

மூன்று அளவுகள் போதும். முதலாவது வீச்சு வேகம். பயிற்சித் திடலில் ரேடார் கருவி வைத்திருக்கும் பயிற்சியாளரிடம் பத்துப் பந்து அடித்தால் தெரிந்துவிடும். டிரைவர் வேகம் மணிக்கு 85 மைலுக்குக் கீழே என்றால் மென்மையான தண்டு, 85 முதல் 95 வரை ‘ரெகுலர்’, அதற்கு மேல் ‘ஸ்டிஃப்’ எனும் விறைப்பான தண்டு என்பது பொதுவான கணக்கு. ஒன்றை மறக்க வேண்டாம்: இந்தப் பெயர்களுக்கு உலகப் பொது அளவு கிடையாது. ஒரு நிறுவனத்தின் ரெகுலர் இன்னொன்றின் ஸ்டிஃப் ஆக இருக்கலாம். கடையில் ஒருவர் என் தோளைப் பார்த்தே “உங்களுக்கு ஸ்டிஃப்தான்” என்று முடிவு செய்தார். அந்தப் புகழ்ச்சிக்கு நான் கொடுத்த விலை அதிகம்.

இரண்டாவது, பந்து முகத்தில் எங்கே படுகிறது என்பது. வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கரால் மட்டைமுகத்தைப் பூசிவிட்டு அடியுங்கள். பந்து பட்ட இடத்தில் மை போய்விடும். பத்தில் ஆறு தடம் நடுவில் இல்லை என்றால் எந்தப் புது டிரைவரும் காப்பாற்றாது. கைப்பிடியில் ஒரு அங்குலம் இறக்கிப் பிடித்து அதே சோதனையைச் செய்து பாருங்கள். இன்று கடையில் நிற்கும் டிரைவர்கள் பெரும்பாலும் 45.5 அங்குல நீளம். தொழில்முறை ஆட்டக்காரர் பலர் அதை விடக் குட்டையானதைத்தான் பிடிக்கிறார்கள். இந்தத் திருத்தத்துக்குச் செலவு ஒரு பைசாவும் இல்லை.

மூன்றாவது, அயர்ன் தரையில் அமரும் கோணம். பந்தின் பின்பக்கம் அதே மார்க்கரால் செங்குத்தாகக் கோடு போட்டு, கோடு மட்டையைப் பார்க்கும்படி வைத்து அடியுங்கள். முகத்தில் பதியும் கோடு நேராக நின்றால் கோணம் சரி. சாய்ந்தால் அந்த மட்டையை வளைத்துத் திருத்த வேண்டும். மிருதுவான எஃகில் அடித்து உருவாக்கிய அயர்ன்கள் இரண்டு டிகிரி வரை எளிதில் வளையும். வார்ப்பு அயர்ன்களில் சில வளையவே மறுக்கும். பழைய அயர்ன் வாங்கும்போது இது ஒரு முக்கியமான கேள்வி.

படி 2: எத்தனை மட்டை?

விதிப்படி பையில் அதிகபட்சம் 14. இருபதுக்கு மேல் சுமந்து திரிந்தவர்களை அடக்க அமெரிக்காவில் 1938-இல் வந்த விதி அது. அது மேல்வரம்புதான்; 14 மட்டையும் வைத்தே தீர வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. 1916-இல் சிக் எவன்ஸ் என்ற அமெரிக்கர் ஏழே ஏழு மரத்தண்டு மட்டைகளோடு யூ.எஸ். ஓப்பனையும் அதே ஆண்டு யூ.எஸ். அமெச்சூரையும் வென்றார்.

தொடங்குபவருக்கு என் பட்டியலும் ஏழுதான்: சாய்வு கூடிய 5 எண் மரமட்டை (பெயர்தான் மரம், தலை உலோகம்), ஒரு ஹைப்ரிட் (மரமட்டைக்கும் அயர்னுக்கும் இடைப்பட்டது), 6, 8 அயர்ன்கள், பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், பட்டர். டிரைவர் ஆறு மாதம் கழித்து வரட்டும். டெகாத்லான் கடையின் இனெசிஸ் போன்ற பெயர்களில் அரைத் தொகுப்புகள் கிடைக்கின்றன. பந்து மட்டையில் படுகிற வரை அவை தாராளமாகப் போதும். 3, 4 எண் அயர்ன்களை யாராவது மலிவாகக் கொடுத்தால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். வாரம் ஒரு நாள் ஆடுபவருக்கு அவற்றை அடிப்பது கடினம். ஹைப்ரிட் அந்த வேலையைச் செய்யும்.

படி 3: அயர்ன் தொகுப்பில் ஒளிந்திருக்கும் செலவு

நான் நேரடியாக மாட்டிய பொறி இது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் 7 அயர்னின் முகச்சாய்வு (அது குறையக் குறையப் பந்து தாழ்ந்து தூரம் போகும்) 35 டிகிரியை ஒட்டி இருந்தது. இன்று தொடக்கக்காரர்களுக்கான தொகுப்புகளில் அது 28 முதல் 30 டிகிரி. அதாவது பழைய 5 அயர்னின் மீது 7 என்று எண் பொறித்திருக்கிறார்கள். கடையில் அடித்துப் பார்க்கிறவர் “என் பழைய 7-ஐ விட 15 கெஜம் அதிகம் போகிறது” என்று பூரித்துப் பணத்தை எடுக்கிறார். கனம் கீழே இறங்கியிருப்பதால் பந்து உயரமாகவும் பறக்கும். அது உண்மையான முன்னேற்றம். ஆனால் தூரத்தில் பெரும்பகுதி எண்ணை மாற்றியதால் வந்தது.

இதன் விளைவு தொகுப்பின் கடைசியில் தெரியும். எல்லாம் நிமிர்ந்துவிட்டதால் பிட்சிங் வெட்ஜும் 43 டிகிரியில் வந்து நிற்கும். சாண்ட் வெட்ஜ் பழையபடி 56 டிகிரி. நடுவே 13 டிகிரி பள்ளம். 90 கெஜத்தில் நிற்கும்போது கையில் சரியான மட்டை இருக்காது. அதை நிரப்ப இடைவெளி வெட்ஜ் எனப்படும் 49 அல்லது 50 டிகிரி வெட்ஜ் ஒன்றைத் தனியாக வாங்க வேண்டும். தனி வெட்ஜின் விலை, தொகுப்பில் ஓர் அயர்னுக்கு விழும் விலையை விடப் பெரும்பாலும் அதிகம். ஆகவே தொகுப்பு வாங்கும் முன் இரண்டைக் கேளுங்கள்: எந்த எண் முதல் எது வரை, கடைசி மட்டையின் சாய்வு எத்தனை டிகிரி. 5 முதல் பிட்சிங் வெட்ஜ் வரை உள்ள தொகுப்பை விட, 6 முதல் இடைவெளி வெட்ஜ் வரை உள்ளது நம்மில் பலருக்கு லாபம். எண்ணிக்கை இரண்டிலும் ஆறுதான்.

படி 4: எப்போது வாங்குவது

பெரிய நிறுவனங்கள் புதிய மாதிரிகளைப் பெரும்பாலும் ஜனவரியை ஒட்டி இறக்குகின்றன. காலவேயும் டெய்லர்மேடும் ஏறக்குறைய ஆண்டுதோறும் டிரைவர் மாற்றுகின்றன. பிங் நிறுவனம் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. டைட்டிலிஸ்ட் காட்டும் ஒழுங்கு பஞ்சாங்கம் மாதிரி: டிரைவர் இரட்டைப்படை ஆண்டுகளில் (2022, 2024), அயர்ன் ஒற்றைப்படை ஆண்டுகளில் (2021, 2023, 2025), புரோ வி1 பந்தும் ஒற்றைப்படையில்.

புதியது வந்த வாரமே பழைய மாதிரியின் விலை இறங்கும், அது பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அலமாரியில் இருந்தாலும். ஆகவே அக்டோபர், நவம்பரில் “புது மாதிரி” என்று வாங்குவது, ஆடித் தள்ளுபடிக்கு முந்தின நாள் பட்டுப்புடவை எடுப்பது போல. பொறுத்திருந்து ஜனவரியில் பழையதை வாங்குங்கள். நான் பார்ப்பது இரண்டு மூன்று தலைமுறை பின்னால் இருப்பவற்றை. 2016-இல் ஸ்காட்லாந்தின் ராயல் ட்ரூன் மைதானத்தில் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டம் வென்ற ஹென்ரிக் ஸ்டென்சனின் பையில் இருந்த 3 எண் மரமட்டை, காலவே பல ஆண்டுகளுக்கு முன்பே விற்பதை நிறுத்திவிட்ட டயாப்ளோ ஆக்டேன். விரும்பிய மட்டையை இலவசமாகப் பெறக்கூடிய மனிதர் அவர்.

படி 5: பழைய மட்டையைப் பரிசோதிப்பது

நம் ஊரில் பழைய மட்டைகள் மூன்று வழியாக வருகின்றன: மைதானத்தின் விற்பனை அறை, விளையாட்டை விட்டுவிட்ட உறுப்பினர்கள், கேடிகள். மூன்றாவது வழியை இளக்காரமாக நினைக்க வேண்டாம். எந்த மட்டை யாரிடம் இருந்தது, எத்தனை முறை தரையில் அடி வாங்கியது என்ற வரலாறு அவர்களுக்குத்தான் தெரியும். இணையத்தில் வாங்குவதென்றால் படத்தை நம்பாமல் நேரில் பார்க்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள்.

டிரைவர் என்றால் முதலில் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே கடகடவென்று ஏதாவது உருண்டால் பசை உடைந்திருக்கும். சிறிய பிரச்சினைதான், ஆனால் விலையைக் குறைக்கலாம். முகத்தில் நகத்தை ஓட்டுங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் அப்போதே திருப்பிக் கொடுங்கள், அது சரி செய்ய முடியாதது. மேற்புறத்தில் பெயின்ட் உரசல் பார்வைக்கு அசிங்கம், ஆட்டத்துக்குப் பாதகமில்லை. பேரம் பேச அதைவிட நல்ல குறை கிடைக்காது. கார்பன் தண்டில் மட்டைத்தலையை ஒட்டிய ஒரு சாண் பகுதியை வெளிச்சத்தில் சுழற்றிப் பாருங்கள்; ஆழமான வெட்டு இருந்தால் என்றாவது ஒரு நாள் வீச்சில் முறியும். எஃகுத் தண்டில் துரு மேலாக இருந்தால் துடைக்கலாம், குழி விழுந்திருந்தால் வேண்டாம்.

வெட்ஜில் பார்க்க வேண்டியது முகத்தின் வரிப்பள்ளங்களை. நகம் மாட்டாமல் வழுக்கினால் அந்த வெட்ஜ் ஓய்வு பெற்றுவிட்டது; தலை பளபளப்பாக இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அதனால் டிரைவரையும் அயர்னையும் பழையதாக வாங்கி, வெட்ஜை மட்டும் புதிதாக வாங்குவது நல்ல பங்கீடு.

போலிகளும் உலவுகின்றன. டைட்டானியத்தில் காந்தம் ஒட்டாது. குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் சிறு காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் எடுத்துப் போங்கள். டிரைவரின் முகத்தில் அது சட்டென்று ஒட்டினால் வந்த வழியே திரும்புங்கள். (திருகாணியும் எடைக்கட்டியும் ஒட்டலாம், அவற்றைத் தவிர்த்துச் சோதியுங்கள். அயர்னில் இந்தச் சோதனை செல்லாது.) எழுத்துருவும் பெயின்ட் ஓரமும் பிசிறாக இருந்தாலும், இந்த ஆண்டு மாதிரி பாதி விலைக்கு உறையோடு கிடைத்தாலும் சந்தேகப்படுங்கள். போட்டிகளில் ஆடுபவர்கள், விதிக்கு உட்பட்ட டிரைவர் தலைகளின் பட்டியலை அமெரிக்க கோல்ஃப் சங்கமும் ஆர் அண்ட் ஏ அமைப்பும் இணையத்தில் இலவசமாக வைத்திருப்பதையும் பார்த்துக்கொள்ளலாம்.

கைப்பிடி உறைகள் கண்ணாடி போல் பளபளத்தால் புதிதாக மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். கழிக்கும் முன் ஒன்று: வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல் துலக்கி. நம் ஊர் வியர்வையில் ஊறிய பிடிகளில் பாதிக்கு அந்தக் குளியலே புத்துயிர் கொடுக்கும்.

படி 6: பட்டர்

18 குழி ஆட்டத்தில் முப்பதுக்கு மேற்பட்ட அடிகள் இதில்தான். ஆனால் இங்கே விலைக்கும் பலனுக்கும் உள்ள தொடர்பு மிகவும் மெலிது. பிங் நிறுவனத்தை நிறுவிய கார்ஸ்டன் சோல்ஹெய்ம் 1966-இல் உருவாக்கிய ‘ஆன்சர்’ வடிவத்தை இன்று ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் தம் பெயரில் செய்கின்றன. டைகர் உட்ஸ் தம் 15 பெரிய பட்டங்களில் 14-ஐ ஒரே பட்டரால் வென்றார். அதன் உருவமும் அந்த வம்சம்தான். கடையில் பத்தைப் பிடித்துப் பாருங்கள், கண்ணுக்கு நேராகத் தெரிவதை வாங்குங்கள். பழையதே போதும். பட்டருக்கு வயதாவதில்லை.

படி 7: பந்து என்னும் ஓட்டைப் பானை

மட்டை ஒரு முறைச் செலவு, பந்து மாதாந்திரச் செலவு. புரோ வி1 ஒரு டஜன் 2025-இல் அமெரிக்காவில் 55 டாலர், ஒன்று நாலரை டாலருக்கு மேல். ஆட்டத்துக்கு நான்கைத் தொலைப்பவர் 18 டாலரைப் புதரிலும் குளத்திலும் விதைக்கிறார்.

பந்தின் மேலுறை இரண்டு வகை. யூரித்தேன் மென்மையானது, விலை கூடியது, குழியைச் சுற்றிய குட்டைப் புல்தரையான கிரீனில் பந்தைச் சட்டென்று நிறுத்தும் சுழற்சி தரும். சர்லின் போன்ற அயனோமர் கெட்டியானது, மலிவானது, வெட்டுப்படாது. கிட்டத்து அடியில் பந்தை வேண்டுமென்றே நிறுத்தத் தெரியாத வரை முதல் வகைக்குப் பணம் கொடுப்பதில் பொருளில்லை. அமெரிக்காவின் காஸ்ட்கோ கடை 2016-இல் தன் கிர்க்லண்ட் பெயரில் யூரித்தேன் உறைப் பந்தை இரண்டு டஜன் 30 டாலருக்கு விற்றபோது சரக்கு உடனே தீர்ந்தது. டைட்டிலிஸ்டின் தாய் நிறுவனத்துடன் வழக்கு வரை போய், 2018-இல் சமரசமானது.

குளத்தில் எடுத்துக் கழுவி விற்கும் பந்துகள் நல்ல பேரம். ஆனால் “புதுப்பித்தது” என்று சொல்லிப் பெயின்ட் அடித்து விற்பவற்றைத் தொடாதீர்கள். அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எதை எடுத்தாலும் ஒரே வகையாக ஆடுங்கள். ஒவ்வொரு குழிக்கும் ஒவ்வொரு பந்து என்றால் தூரம் மாறுவது மட்டையாலா பந்தாலா என்று கண்டுபிடிக்க முடியாது. பந்தின் தூரத்தைக் குறைக்கும் புதிய சோதனை விதி 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. நம் போன்றோருக்கு 2030-க்கு முன் அது பொருந்தாது. அதைக் காட்டி யாராவது பெட்டி பெட்டியாகச் சேர்த்துவைக்கச் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

மற்றவை

கையுறை இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். ஈரமானதைச் சுருட்டிப் பையில் திணிக்காமல் விரித்து நிழலில் காயவிட்டால் இரட்டை ஆயுள். தூரம் காட்டும் லேசர் கருவி இப்போது வேண்டாம். அந்த மைதானத்தில் பத்து ஆண்டு நடந்த கேடி சொல்லும் தூரத்தில் காற்றும் ஏற்றமும் சேர்ந்தே இருக்கும். வெளிநாட்டில் இருந்து உறவினர் வழியாக வரவழைப்பதென்றால் பில்லும், உத்தரவாதம் இங்கே செல்லுமா என்ற பதிலும் கையில் இருக்கட்டும். மட்டைகளை விமானத்துக்குள் கையில் எடுத்துப் போக முடியாது என்பதால் சரக்குக் கட்டணத்தையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

விற்பதற்கும் காலம் உண்டு. அடுத்த மாதிரி ஜனவரியில் வரும் என்றால் உங்களுடையதை அதற்கு முன் விற்றுவிடுங்கள். நான் தாமதித்தேன். பதினான்கு மாதம் ஆடிய டிரைவருக்குக் கிடைத்தது வாங்கிய விலையில் பாதிக்கும் கீழே. அந்தப் பணத்தில் மூன்று தலைமுறை பழைய டிரைவர் ஒன்றை ரெகுலர் தண்டோடு வாங்கினேன். மிச்சத்தில் ஆறு பயிற்சி வகுப்புகள். வேலிகாத்தான் இன்னும் என்னிடம் பந்து வாங்குகிறது. முன்பு ஆட்டத்துக்கு நான்கு, இப்போது ஒன்று.